பிடி விட்ட செல்: குடலிலும் முத்துச் சிப்பியிலும்

(தூத்துக்குடியை அடுத்த மாப்பிள்ளையூரணியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறிவியலில் ஏதாவது ஒரு பொருளை ஊர் மக்களுக்கு விளங்கும்படி பேச வேண்டும் என்று அறக்கட்டளையார் கேட்டுக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு கேள்வி. நம் உடம்பில் ஒரு செல் தான் ஒட்டியிருந்த இடத்தை விட்டுப் பிரிந்துவிட்டால் என்ன ஆகும்? சாகுமா, பிழைக்குமா? அதை எது முடிவு செய்கிறது? கேட்பதற்குச் சிறிய கேள்வி. ஆனால் நம் குடல் நாள்தோறும் நலமாக இருப்பதும், குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவுவதும், இந்தக் கடற்கரையில் சிப்பிக்குள் முத்து விளைவதும் இந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தே இருக்கின்றன.

ஒரு செல் சுவரோடு கொண்டிருக்கும் பிடி, அது கீழே விழாமல் இருப்பதற்கு மட்டும் உதவுவதல்ல. அந்தச் செல் உயிரோடிருப்பதற்கான அனுமதியே அந்தப் பிடிதான். இதை உங்கள் மனத்தில் பதிய வைக்கத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

குடலின் உள்சுவர்

நம் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். அதன் உள்சுவரில் குடலுறிஞ்சிகள் நெருக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றின் உயரமும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரைதான். அவற்றின் மேல் எபிதீலிய செல்கள் ஒற்றை அடுக்காகப் போர்த்தியிருக்கின்றன. அந்த அடுக்குக்கு ஒரு பக்கம் நாம் சாப்பிட்ட சோறு, மீன், செரிமான நீர், கணக்கற்ற பாக்டீரியாக்கள். மறு பக்கம் நம் இரத்தம். நடுவில் இருப்பது ஒரு செல்லின் தடிமன் மட்டுமே.

இவ்வளவு வேலையும் இவ்வளவு ஆபத்தும் சுமக்கும் செல் நெடுநாள் தாங்காது. அதனால் உடம்பு மூன்று முதல் ஐந்து நாளுக்கொரு முறை இந்த அடுக்கையே புதுப்பித்துவிடுகிறது. குடலுறிஞ்சிகளின் அடியில் உள்ள குழிகளில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த நிக் பார்க்கரும் குழுவினரும் 2007இல் எல்.ஜி.ஆர்.5 என்ற அடையாளப் புரதத்தைக் கொண்டு இவற்றை இனங்கண்டார்கள். ஸ்டெம் செல்கள் பிளந்து பெருகிக்கொண்டே இருக்கின்றன. அப்படிப் பிறக்கும் செல்கள் மெல்ல மேலேறி, உணவை உறிஞ்சும் வேலையைச் செய்து, நுனியை அடைந்ததும் உதிர்கின்றன. வைஸ்மன் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ரான் செண்டரும் ரான் மிலோவும் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு மனித உடம்பில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,000 கோடி குடல் செல்கள் இப்படி மாற்றப்படுகின்றன.

இந்தச் செல்கள் எதன் மேல் நிற்கின்றன? லாமினின், கொலாஜன் முதலிய புரதங்களால் ஆன அடித்தள சவ்வின் மேல். செல்லின் சவ்வை ஊடுருவி நிற்கும் இன்டெக்ரின் என்ற புரதம், வெளிமுனையால் அந்த அடித்தளத்தைப் பற்றிக்கொள்கிறது. அதன் உள்முனை செல்லின் உட்கட்டமைப்போடு இணைந்திருக்கிறது. நான் பிடி என்று சொல்வது இதைத்தான்.

உயிரோடு உதிர்ந்து, பிறகு சாவது

செல் முதலில் செத்து, அதன் பிறகுதான் நுனியிலிருந்து உதிர்கிறது என்றுதான் முன்பு பலரும் நினைத்தார்கள். உதிர்வது எப்படி நடக்கிறது என்பதை ஜோடி ரோசன்பிளாட் 2001இல் காட்டினார். வெளியேற வேண்டிய செல்லைச் சுற்றியுள்ள அண்டை செல்கள் ஆக்டின், மயோசின் புரதங்களால் ஒரு வளையம் கட்டுகின்றன. சுருக்குப்பையின் கயிற்றை இழுப்பது போல அந்த வளையம் அடியில் இறுகுகிறது. நடுவிலிருக்கும் செல் மேலே தள்ளப்படுகிறது. அது நின்ற இடம் அதே கணத்தில் மூடிவிடுகிறது. 4,000 கோடி செல்கள் உதிர்ந்தும் குடல் சுவரில் ஓட்டை விழாதிருப்பது இதனால்தான்.

2012இல் அவருடைய குழு இன்னொன்றையும் கண்டறிந்தது. நெரிசல் மிகுந்த இடத்தில் உயிருள்ள செல்லே வெளியே தள்ளப்படுகிறது. நல்ல நிலையில் இருந்த செல் பிடியை இழக்கிறது. சாவு அதற்குப் பிறகு வருகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்தச் செல் ஏன் சாக வேண்டும்? பட்டினியாலா? குடலுக்குள் உணவுக்கா பஞ்சம்! சர்க்கரையும் அமினோ அமிலமும் சுற்றிலும் நிறைந்திருக்க, அவற்றின் நடுவிலேயே அது சாகிறது. யாரும் அதற்கு நஞ்சு வைக்கவில்லை, காயப்படுத்தவும் இல்லை. அது இழந்தது பிடியை மட்டும்தான்.

ஸ்டீவன் ஃபிரிஷ், ஹன்டர் ஃபிரான்சிஸ் என்ற இருவர் 1994இல் இதைச் சோதனைச் சாலையில் நிறுவினார்கள். நாயின் சிறுநீரகத்திலிருந்து பெற்ற எபிதீலிய செல்களை எடுத்துக்கொண்டார்கள். ஒட்டவே முடியாதபடி பாலிமர் பூசிய தட்டில் அவற்றை இட்டார்கள். ஊட்டக் கரைசலில் குறை எதுவும் வைக்கவில்லை. ஆனாலும் சில மணி நேரத்துக்குள் செல்கள் சுருங்கின, அவற்றின் டி.என்.ஏ. துண்டு துண்டானது. இது திட்டமிட்ட செல் இறப்பு. பிடி இழப்பதால் நேரும் இந்த இறப்புக்கு அவர்கள் அனோய்கிஸ் என்று பெயரிட்டார்கள். மனிதப் பெருங்குடலிலிருந்து பிரித்தெடுத்த செல்களிலும் இதே இறப்பு விரைவாகத் தொடங்குவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

செல்லுக்குள் நடப்பது

இன்டெக்ரின் அடித்தளத்தைப் பற்றியிருக்கும்வரை, அதன் உள்முனையில் எஃப்.ஏ.கே. என்ற நொதி செயல்பட்டுக்கொண்டிருக்கிறது. அது ஸார்க், பி.ஐ.3 கைனேஸ், ஆக்ட் என்று அடுத்தடுத்த நொதிகளைத் தூண்டுகிறது. 'இடத்தில் இருக்கிறேன்' என்ற செய்தி இப்படி ஓயாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் செய்தி வரும்வரை, செல்லைக் கொல்லக்கூடிய புரதங்கள் அடங்கியிருக்கின்றன.

அப்படி அடங்கியிருக்கும் புரதங்களில் ஒன்றை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். அதன் பெயர் பி.எம்.எஃப். மெல்போர்னில் உள்ள வால்டர் அண்டு எலைசா ஹால் ஆய்வு நிலையத்தில் ஹம்சா புதலகத்தும் அவருடைய குழுவினரும் 2001இல் இதைப் பற்றி வெளியிட்டார்கள். நலமாக ஒட்டியிருக்கும் செல்லில் பி.எம்.எஃப். தனியாகத் திரிவதில்லை. மயோசின்-5 என்ற இயக்கப் புரதத்தோடு சேர்த்து, செல்லின் உட்கட்டமைப்பிலேயே கட்டுண்டு கிடக்கிறது. செல் பிடியை இழந்து அதன் உட்கட்டமைப்பு குலைந்ததும் இதன் கட்டும் அவிழ்கிறது. விடுபட்ட பி.எம்.எஃப்., செல்லைக் காத்துவந்த பி.சி.எல்-2 புரதத்தைப் போய் முடக்குகிறது. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம்-சி கசிகிறது. காஸ்பேஸ் நொதிகள் விழித்துச் செல்லை உள்ளிருந்தே துண்டாடுகின்றன.

ஆகவே சாவுக்கான ஆணை வெளியிலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு செல்லும் பிறந்த நாள் முதல் அதைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. பிடி இருக்கும்வரை அது நிறைவேறுவதில்லை, அவ்வளவுதான்.

வெறுமனே தொட்டுக்கொண்டிருப்பது போதுமா என்றால், போதாது. 1997இல் ஹார்வர்டில் கிறிஸ்டோபர் சென், டொனால்ட் இங்பர், ஜார்ஜ் வைட்சைட்ஸ் முதலியோர் நுண்ணிய ஒட்டுத் திட்டுகளை வெவ்வேறு அளவில் அச்சிட்டு, இரத்தக் குழாய்ச் செல்களை அவற்றின் மேல் இட்டார்கள். பரந்து அமர இடம் கிடைத்த செல்கள் வாழ்ந்தன. ஒடுங்கிக் கிடக்க நேர்ந்தவை செத்தன. தொட்டுக்கொண்டிருக்கும் மொத்தப் பரப்பு ஒரே அளவாக இருந்தபோதும், திட்டுகளைப் பரவலாக வைத்துச் செல்லை விரிந்து நிற்கச் செய்தால் அது பிழைத்தது. செல் தன் உருவத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இந்த ஏற்பாடு உடம்புக்கு எவ்வளவு முக்கியம் என்பதை ஷிகெல்லா என்ற கிருமியிடமிருந்தும் தெரிந்துகொள்ளலாம். சீதபேதியை உண்டாக்கும் இந்தப் பாக்டீரியா குடல் செல்லுக்குள் புகுந்து பெருகுகிறது. நோய்ப்பட்ட செல்லை உதிர்த்துவிட்டால் கிருமியும் மலத்தோடு போய்விடும். அதைத் தடுக்க ஷிகெல்லா ஓ.எஸ்.பி.இ. என்ற புரதத்தைச் செல்லுக்குள் செலுத்தி, இன்டெக்ரினின் பிடி தளராதபடி இறுக்கிவிடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். தான் குடியிருக்கும் செல் உதிரக் கூடாது என்பதில் கிருமிக்கு அத்தனை அக்கறை. உதிர்தல் நமக்கு எப்பேர்ப்பட்ட காவல் என்பது இதிலிருந்தே தெரியும்.

பாரும் சிப்பியும்

இப்போது நம் கடலுக்கு வருகிறேன். இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்களுக்குத் தூத்துக்குடிக் கடலின் தொலையாயிரம் பார் என்றால் விளக்கம் தேவையில்லை. கடலடியில் கல்லும் பவளமுமாகக் கிடக்கும் திட்டைத்தான் பார் என்கிறோம். முத்துச் சிப்பியின் இளம் உயிரி ஏறக்குறைய மூன்று வாரம் முதல் ஒரு மாதம் வரை நீரில் மிதந்து திரியும். பிறகு ஒட்டுவதற்குக் கெட்டியான இடம் கிடைத்தாக வேண்டும். கிடைத்தால் நூல் விட்டுப் பாரைப் பற்றிக்கொண்டு சிப்பியாக வளரும். பாரை மணல் மூடிக் கிடந்தால் அந்தத் தலைமுறையே அழியும். சலாபம் என்னும் முத்துக்குளிப்பு ஓராண்டு கொழிப்பதும், பிறகு பல்லாண்டு வெறுமையாகக் கிடப்பதும் இக்கடலில் பழைய கதை. 1955இல் தொடங்கிய சலாபத் தொடர் 1961இல் முடிந்தது. அதன் பிறகு தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் நடக்கவில்லை.

சலாபம் நின்ற கடலில் முத்தை விளைவிக்க முடியும் என்று காட்டியது இதே கரைதான். இங்கிருந்து வடக்கே தருவைக்குளத்தைத் தாண்டிப் போனால் வேப்பலோடை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அங்கே நடத்திய ஆய்வில், 1973 ஜூலையில் கே. அழகர்சாமி இந்தியாவின் முதல் உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கினார். 1981இல் அதே நிலையம் தூத்துக்குடியில் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உற்பத்தி செய்தது.

முத்து விளைவிக்கச் சிப்பியில் செய்யும் அறுவையைக் கிட்டத்தில் பாருங்கள். ஒரு சிப்பியைத் திறந்து, ஓட்டை ஒட்டியிருக்கும் மேன்டில் என்ற மடிப்பின் ஓரத்தை நாடாவாக வெட்டுகிறார்கள். அதை 2, 3 மில்லிமீட்டர் சதுரங்களாக நறுக்கிக் கடல்நீரில் ஈரம் காயாமல் வைக்கிறார்கள். இன்னொரு சிப்பியை மென்தால் கொண்டு மயக்கி, அதன் இனச்சுரப்பியில் சிறு வழி கீறி, நன்னீர் மட்டியின் ஓட்டிலிருந்து கடைந்த மணியொன்றை உள்ளே வைக்கிறார்கள். அதன் பக்கத்தில் மேன்டில் துண்டைச் செருகுகிறார்கள். துண்டின் வெளிப்புற எபிதீலியம் மணியைத் தொட்டபடி இருக்க வேண்டும். திருப்பி வைத்துவிட்டால் முத்து இல்லை. ஓட்டுக்கு மினுமினுப்புத் தரும் பொருளைச் சுரப்பவை அந்த வெளிப்புறச் செல்கள்தான். அவை பெருகி மணியைச் சூழ்ந்து ஒரு பையாகின்றன. அந்தப் பைதான் படலம் படலமாகப் பூசி முத்தை உருவாக்குகிறது.

மணலோ தூசியோ உறுத்துவதால் முத்து உண்டாகிறது என்று நாம் பள்ளி நாளிலிருந்து கேட்டு வந்திருக்கிறோம். உண்மையில் முத்துக்குத் தேவையானது இடம்பெயர்ந்த எபிதீலிய செல்தான். தன் இடத்திலிருந்து வெட்டப்பட்டு, இன்னோர் உடம்பில் இடம் கிடைத்துப் பிழைத்த செல்களின் உழைப்பே முத்து.

அப்படியானால் அந்தச் செல்கள் ஏன் சாகவில்லை? முதல் காரணம், அவை ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படவில்லை. தம் அடியிலிருந்த இணைப்புத் திசுவோடும் அக்கம்பக்கத்துச் செல்களோடும் சேர்த்தே வெட்டப்பட்டன. அதாவது பிடியையும் உடன்கொண்டு வந்தன. இரண்டாவது, புதிய சிப்பியின் உடல்நீர் அவற்றை வந்தடைகிறது. சுற்றிலும் திசு அணைத்து நிற்கிறது. மூன்றாவது, காலம். துண்டு காய்ந்துவிடாமல் வேலையை விரைந்து முடிப்பதில்தான் கைத்தேர்ச்சி இருக்கிறது. இந்த மூன்றும் அமையாத துண்டு அழிந்துபோகிறது.

செல்களைச் சிப்பிக்கு வெளியே, கண்ணாடித் தட்டில் வளர்த்தால் என்ன என்ற கேள்வியையும் தூத்துக்குடி ஆய்வாளர்கள் கைவிடவில்லை. சி. பி. சுஜாவும் எஸ். தர்மராஜும் அபலோன் என்ற கடல் நத்தையின் மேன்டில் திசுவைத் தட்டில் வளர்த்த ஆய்வு 2005இல் வெளியானது.

சாக மறுக்கும் செல்

பிடி இழந்த செல் சாவது உடம்பைக் காக்கும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை ஒரு செல் மீறிவிட்டால்?

பெருங்குடல் புற்றுநோயில் நடப்பது இதுதான். டொராண்டோவில் கிரில் ரோசன், ஹோர்கே ஃபில்மஸ் முதலியோர் எலியின் குடல் செல்களில் ராஸ் என்ற மரபணுவின் திரிந்த வடிவைச் செலுத்தி 1998இல் ஆய்வு வெளியிட்டார்கள். இயல்பான குடல் செல்கள் பிடி இழந்ததும் செத்தன. திரிந்த ராஸ் ஏறிய செல்களோ மிதந்தபடியே பிழைத்தன. காரணம் தேடியபோது, கொல்லும் புரதங்களில் ஒன்றான பாக் அந்தச் செல்களில் குறைந்திருந்தது. பாக் புரதத்தை மீண்டும் கூட்டியபோது அவற்றின் கட்டி உண்டாக்கும் திறன் தணிந்தது.

ராஸ் செய்வது ஒரு பொய்ச் செய்தி. செல் அந்தரத்தில் மிதக்கிறது; ஆனால் 'இடத்தில் இருக்கிறேன்' என்ற செய்தி மட்டும் உள்ளே நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட செல் இரத்தக் குழாய்க்குள் விழுந்தாலும் சாவதில்லை. குடலின் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது. பெருங்குடல் புற்று பெரும்பாலும் முதலில் கல்லீரலில் போய் வேர்விடுவதற்கு அந்தப் பாதையே முக்கியக் காரணம்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அன்னபூரணி ரங்கராஜனின் குழு மார்பகப் புற்று செல்களில் இதையே வேறொரு பக்கத்திலிருந்து ஆராய்ந்திருக்கிறது. பிடி இழந்த செல்லுக்கு ஆற்றல் தட்டுப்பாடு வருகிறது. அப்போது ஏ.எம்.பி.கே. என்ற நொதி விழித்து, வளர்ச்சிக்கான செலவைக் குறைத்து, செல்லைத் தாக்குப்பிடிக்க வைக்கிறது. மிதக்கும்போது ஏ.எம்.பி.கே., மறுபடி ஒட்டியதும் ஆக்ட் என்று ஆட்சி கைமாறுவதை அந்தக் குழு 2018இல் விளக்கியது.

இந்த அறிவு மருந்தாகவும் மாறி வருகிறது. பி.சி.எல்-2 புரதத்தை முடக்கும் வெனெட்டோக்ளாக்ஸ், ஒருவகை இரத்தப் புற்றுக்கு 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எஃப்.ஏ.கே.யை முடக்கும் டெஃபாக்டினிப், ராஸ் பாதையைத் தடுக்கும் மற்றொரு மருந்தோடு சேர்த்து, ஒருவகைச் சினைப்பைப் புற்றுக்கு 2025 மே மாதத்தில் அங்கே ஒப்புதல் பெற்றது. குடல் செல்லின் பிடியைப் பற்றி ஆராய்ந்தபோது சந்தித்த அதே பெயர்கள் இன்று மருந்துச் சீட்டில் வந்து நிற்கின்றன.

மறுபடி ஒட்டவைப்பது

இதன் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2009இல் டொஷிரோ சாட்டோ, கிளெவர்ஸின் ஆய்வுக்கூடத்தில், எலியின் ஒரே ஒரு குடல் ஸ்டெம் செல்லிலிருந்து குழியும் குடலுறிஞ்சியும் கொண்ட சிறு குடலை வளர்த்தார். அவர் இரண்டு காரியம் செய்தார். தனித்துப் பிரிந்த செல்லுக்கு லாமினின் நிறைந்த கூழில் இடம் கொடுத்தார். பிடி கிடைக்கும்வரை அது சாகாதிருக்க, ரோ கைனேஸ் என்ற நொதியைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தார். சிப்பித் துண்டை ஈரத்தில் வைத்து, விரைவாக, சரியான பக்கம் திருப்பி வைக்கும் வேப்பலோடைக் கையும் இதே விதிக்குத்தான் கட்டுப்பட்டிருந்தது: செல் சாவதற்குள் அதற்கு நிற்க இடம் கொடு.

2012இல் டோக்கியோவில் மமோரு வாட்டனபேயின் குழு, இப்படி வளர்த்த திசுவைப் புண்ணான எலிக் குடலில் ஒட்டி ஆற வைத்தது. 2022இல் டோக்கியோ மருத்துவ, பல்மருத்துவப் பல்கலைக்கழகத்தில், குடல் அழற்சிப் புண் உள்ள ஒரு நோயாளிக்கு அவருடைய குடலிலிருந்தே வளர்த்த திசு ஒட்டப்பட்டது.

நாம் செய்யக்கூடியது

மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். கடல் மட்டி இனங்களிலிருந்து தட்டில் நிலையாகப் பெருகும் செல் வரிசையை உருவாக்குவது உலகெங்கும் ஆய்வாளர்களுக்கு எட்டாமலே இருந்து வந்திருக்கிறது. சிப்பியின் செல்லுக்கு எந்த அடித்தளம் பிடிக்கும், எந்தச் செய்தி அதைச் சாகாமல் வைக்கும் என்று தேடுவதற்கு இந்தக் கரையைவிடப் பொருத்தமான இடம் எது? மீன்வளக் கல்லூரியும் கடல் மீன்வள ஆராய்ச்சி மையமும் அரசு மருத்துவக் கல்லூரியும் ஒரே நகரில் இருக்கின்றன. குடலைப் படிப்பவரும் சிப்பியைப் படிப்பவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். குடலில் உண்டாகும் கட்டி பெரும்பாலும் சிறு மொட்டாகத் தொடங்கி, பல ஆண்டுகள் உண்டான இடத்திலேயே கிடக்கிறது. செல்கள் பிடியை விட்டுக் கிளம்புவதற்கு முன் அதைக் கண்டுவிட்டால், குழாய் விட்டுப் பார்க்கும்போதே எடுத்துவிடலாம். அல்லது ஓர் அறுவையில் முடித்துவிடலாம். கிளம்பிய பிறகு போராட்டம் கடினமாகிவிடும். மலத்தில் இரத்தம் போனால் மூலமாகத்தான் இருக்கும் என்று நாமாகவே முடிவுகட்டி, கைமருந்தில் மாதங்களைக் கடத்துகிறோம். உப்பளத்துக்கும் கடலுக்கும் போக வேண்டிய அன்றாடப் பாட்டில், நோயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரத்தம் போனாலும், மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும், சோகை பிடித்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். மூலமாகவே இருந்தால் நிம்மதியோடு வீட்டுக்கு வரலாம். வேறொன்றாக இருந்தால், அது தன் இடத்தை விட்டு நகர்வதற்கு முன்னாலேயே பிடித்துவிட்டோம் என்று பொருள். அந்தச் சில மாத முந்துதலில் ஓர் உயிர் இருக்கிறது.